தானாக அணையும் பெட்டி

மாமனார்தான் இதைச் செய்கிறார் என்பதில் மருமகளுக்குச் சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று வந்த முதல் வேலை. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து விற்கிற கம்பெனி. சோதனைக்கு ஒரு அத்தியாயம் வாசித்து அனுப்பியிருந்தாள். குரல் பிரமாதம், ஆனால் பின்னாடி என்னவோ ஓயாமல் இரைகிறது என்றார்கள். அது இல்லாமல், ஒரே மூச்சில் மறுபடி வாசித்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு ஆளாம்.

இரைச்சல் கம்ப்யூட்டர் பெட்டியுடையது. அரதப் பழசு. உள்ளே சுற்றுகிற ஃபேனுக்கு பஸ் இன்ஜினே தேவலாம். அதனால் பெட்டியைத் தூக்கி அறைக்கு வெளியே நடையில் வைத்தாள். ஒயர்களைக் கதவுக்கு அடியில் இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. நாலு பக்கம் வாசிப்பதற்குள் பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பி.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் எதிரில் வெகுநேரம் சமர்த்தாக ஓடித் தொலைத்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, நீங்கள்தான் எதையோ அழுத்திவிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கணவனோ, பழசை வைத்துக்கொண்டு எதற்கு மல்லுக்கட்டுகிறாய், விட்டுத் தள்ளு என்றான்.

விடுவாளா? அவளே ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். பெயின்ட் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தூசி தட்டினாள். ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி மறுபடி மாட்டினாள். பிளக்கை வேறு இடத்துக்கு மாற்றினாள். பக்கத்தில் நின்று பார்க்கிற வரைக்கும் ஓடும். கதவைச் சாத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்தால் செத்துப் போகும். வந்து தொட்டுப் பார்த்தால் அடுப்பு மாதிரி சுடும்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அணைந்ததும் மேஜைக்கடியில் குனிந்து ஒயரையெல்லாம் துழாவிவிட்டுக் கதவைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்து மாமனார் நடையிலிருந்து தன் அறைக்குள் நுழைந்துகொண்டிருப்பார். ஒரு தடவை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். என்ன மாமா என்று கேட்டதற்கு, சும்மாதாம்மா என்று நழுவிவிட்டார்.

மனுஷன் நூலகத்தில் வேலை பார்த்தவர். ஆயுசு பூரா ‘சத்தம் போடாதீங்க’ என்று சொல்லியே ரிட்டயர் ஆனவர். டீவியைக் கொஞ்சம் கூட்டினால்கூட முகம் சுருங்கும். மருமகள் நாள் முழுக்க உரக்க வாசித்தால் பொறுக்குமா? ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டினால் வீடு கப்சிப். கணவனிடம் இதைச் சொன்னாள். எங்கப்பாவா என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்து, மத்தியானமும் தாண்டிவிட்டது. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

கம்ப்யூட்டரைப் போட்டாள். கதவைச் சாத்தினாள். போன வாரம் பதிந்த தன் குரலைச் செல்போனில் ஓடவிட்டு மேஜை மேல் வைத்தாள். வெளியே இருந்து கேட்டால் அவள் வாசிப்பது போலவே இருக்கும். பால்கனி வழியாகச் சமையலறைக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் பதுங்கினாள். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்த வீட்டில் நான் வாயே திறக்கக் கூடாதா என்பதில் ஆரம்பிப்பதாக உத்தேசம்.

மாமனார் வந்தார். காலில் செருப்பில்லை, பூனை நடை. தோளில் ரெண்டு தடிக் கம்பளிகள்.

பெட்டியின் முன்னால் சிரமப்பட்டு மண்டி போட்டார். ஸ்விட்ச் பக்கம் கையே போகவில்லை. ஒரு கம்பளியைப் பெட்டியைச் சுற்றிப் போட்டு, இடுக்கு விடாமல் செருகினார். அதன் மேல் இன்னொன்று. காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி அத்தனை பக்குவமாகப் போர்த்தினார்.

தயார் பண்ணி வைத்திருந்ததையெல்லாம் மறந்து, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“என்ன மாமா பண்றீங்க?”

அவர் திரும்பாமலேயே உதட்டில் விரலை வைத்தார். “உஷ்… உள்ள வாசிச்சுக்கிட்டிருக்கா.”

அப்புறம்தான் திரும்பினார். அவளைப் பார்த்தார். குரல் வருகிற கதவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்.

“ஃபோன்ல கம்பெனிக்காரங்ககிட்ட நீ கெஞ்சினது காதுல விழுந்துச்சும்மா. இரைச்சல் இருந்தா வேலை கிடையாதுன்னாங்களாமே. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை சத்தத்தை அடக்குறது. சொன்னா வேணாம்னு தடுப்பே. அதான் சொல்லலை.”

இந்த மனுஷனையா இத்தனை நாள் கருவிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மாமனாருக்கு அதெல்லாம் தெரியவில்லை. கம்பளி மேல் செல்லமாகத் தட்டிக் கொடுத்தார். முகமெல்லாம் பெருமை.

“முதல்ல ஒரு கம்பளிதான் போட்டேன், மசியலை. ரெண்டு போட்டு இறுக்கினா, கொஞ்ச நேரத்துல மூச்சுப் பேச்சில்லாம அடங்கிடுதும்மா. அதுக்கப்புறம்தான் எடுத்துக்கிட்டுப் போவேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.”