பாயளவு வெயில்

சுபிக்ஷாவின் கைக்குழந்தைக்குக் கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. "காலை வெயில்ல காட்டுங்கம்மா," என்றாள் நர்ஸ்.

வீட்டுச் சுவர்களும் ஜன்னல்களும் வெயிலையெல்லாம் குடித்து மின்சாரமாக்கிக்கொண்டிருந்தன. ஆள் நடந்தால் சோலார் தகடுகள்மேல் நிழல் விழுமென்று மொட்டைமாடியைப் பூட்டியிருந்தார்கள். தெருவுக்கு மேலேயும் சோலார் கூரைதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடி நடந்தாள்.

கடைத்தெருவில், கூரைத் தகடு ஒன்று கழன்று விழுந்த இடத்தில், பாயளவு வெயில் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிக் கைக்குழந்தைகளோடு பெண்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

"உம் புள்ளதான் ரொம்ப மஞ்சளா இருக்கு. மொதல்ல நீ காட்டு," என்று ஒருத்தி வழிவிட்டாள்.

சுபிக்ஷா துணியை விலக்கும்போது, புதுத் தகட்டோடு ஒருவன் ஏணியில் ஏறினான். "தள்ளுங்கம்மா, மூடணும்."

யாரும் நகரவில்லை. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஏணிக்காலுமாகப் பெண்கள் நெருங்கினார்கள். சுபிக்ஷாவும் பிடித்தாள்.

ஏணி மெல்ல ஆடத் தொடங்கியது.