இனிஷியல்
கோபாலபுரம் கிராமத்துத் தென்னந்தோப்பு வீட்டில், மதிய வெயில் விழும் சாப்பாட்டு மேசைமேல் விமானி செல்வப்பிரியா இரண்டு நகல் தாள்களை அறைகிறாள். ஜக்கில் தண்ணீர் தளும்புகிறது. இந்திய லைசென்ஸில் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பின் எடுத்த பாஸ்போர்ட்டில் கணவன் பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு, அமெரிக்க லைசென்ஸுக்கு அவள் போட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கண்ணாலம் ஆனா இனிஷியல் மாத்தோணும், அதான கண்ணு வழக்கம்?" என்கிறார் அப்பா அப்புசாமி. "நாலாயிரம் மணி நேரம் ஓட்டுனது நானுங்கப்பா! உங்க மாப்பிள்ளை பிளேன் ஏறுனாலே கண்ண மூடிக்குவாரு!" வாசலில் தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றுபோகிறது. அப்புசாமி மெல்லப் போனை எடுக்கிறார். "பழைய பேருக்கே மாத்திக்கலாங் கண்ணு. மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." செல்வப்பிரியா அந்தப் போனைப் பிடுங்கி ஜக்குத் தண்ணீருக்குள் போடுகிறாள்.