சுவரில் இரண்டு தட்டு

அன்செல்ம் அலறினார். நான்கு மாடிக் கட்டடமும் அதிர்ந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

கீழே முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வாயிற்காவல்காரி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமைன்னாலும் விடுறாரா பாரு, சாப்பிட்ட கையோட ஆரம்பிச்சுட்டாரு" என்று அவள் யாரிடமோ சொல்லிச் சிரித்தது, திறந்த ஜன்னல் வழியாக அன்செல்முக்கே கேட்டது.

அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். மார்பின்மேல் ஒருவன் முழங்காலை ஊன்றியிருந்தான். கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது, குழாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே வந்தவன். இப்போது அவனுடைய கருவிப் பையிலிருந்த, குழாய் முடுக்கும் கனத்த இரும்புத் திருகி அவன் கையில் இருந்தது.

"காசு எங்க வச்சிருக்க, கிழவா?"

"இழுப்பறையில நூத்தி இருபது யூரோ இருக்கு. எடுத்துக்கோ. அவ்வளவுதான்பா."

"யார்கிட்ட கதை விடற? டிவியைப் போட்டா உன் குரல்தான். கார்ட்டூன்ல நீ பேசற அந்த ஓநாய் வரலைன்னா என் பொண்ணு சூப்பைத் தொடவே மாட்டேங்கறா. அத்தனையும் சும்மாவா பேசின?"

திருகி முகத்தில் இறங்கியது. இரண்டு பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன.

சும்மா பேசவில்லைதான். ஆனால் கிடைத்ததும் அப்படியொன்றும் பெரிதில்லை. பத்தொன்பது வயதில் ஒரு மாகாண நாடகக் குழுவில் ஈட்டி பிடித்து நின்று ஆரம்பித்தவர் அவர். இந்த வசந்தத்தோடு ஐம்பத்தைந்து வருஷம். திரையில் நீதிபதியாக வந்திருக்கிறார், ஹோட்டலில் பரிமாறியிருக்கிறார், முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடந்திருக்கிறார். சோறு போட்டதென்னவோ டப்பிங்தான். வெளிநாட்டு வில்லன்கள் பிரெஞ்சில் செத்ததெல்லாம் அவருடைய தொண்டையில். குத்துப்பட்டும், தூக்கில் தொங்கியும், நீரில் மூழ்கியும் முந்நூறு சாவாவது செத்திருப்பார். ஒவ்வொரு சாவையும் முதலில் இந்த அறையில்தான் ஒத்திகை பார்ப்பார்.

பற்களைத் துப்பிவிட்டு அவர் மறுபடி அலறினார். அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, மார்பில் தேக்கி, கூரை பிளக்க விட்ட அலறல்.

சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

அவன் துள்ளி எழுந்தான். "யாரது?"

அன்செல்ம் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு மதாம் தாசே. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது. ஒத்திகை பிடித்திருந்தால் கைத்தடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிடிக்காவிட்டால் தட்டமாட்டார். அவருடைய விமர்சனம் அவ்வளவுதான்.

"மதாம்! இது ஒத்திகை இல்ல! நிஜமாவே என்னைக் கொல்றான்! போலீஸைக் கூப்பிடுங்க!"

உயிர் போகிற நேரத்திலும் ஒவ்வொரு சொல்லும் மணிபோல் தனித்தனியாக விழுந்தது. எங்கே ஏற்ற வேண்டுமோ அங்கே ஏறியது, எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. பாழாய்ப்போன பழக்கம்.

டொக், டொக்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி உட்கார்ந்தான். "அட, பாராட்டுறாங்களா உன்னை? பிரமாதம். இன்னும் சத்தமாக் கத்து. யார் வர்றான்னு பாப்போம்."

அன்செல்மின் வலது கையை இழுத்து மேஜையின் விளிம்பில் வைத்து அழுத்தினான். திருகியை ஓங்கினான். மூன்று விரல்கள் காய்ந்த சுள்ளிபோல் ஒடிந்தன.

அன்செல்ம் வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. துருப்பிடித்த கீல் திறப்பதுபோல ஏதோ ஒரு கீச்சு வந்தது. நடுவில் ஒரு விக்கல். பிறகு "ம்மா... வேணாம்... ம்மா..." என்று மூக்கால் ஓர் இழுப்பு. சொல்லும் தெளிவாக இல்லை, ஒன்றிலும் சுருதி இல்லை. அந்த நிலையிலும் அந்தச் சத்தத்தைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

சுவர் பேசாமல் இருந்தது.

"என்ன, தட்டக் காணோம்?" என்றான் அவன். பிறகு இழுப்பறைகளைக் கவிழ்த்தான். மெத்தையைக் கிழித்தான். சுவரில் இருந்த நாடகப் படங்களை உதைத்து நொறுக்கினான். நூற்று இருபது யூரோவுக்கு மேல் ஒரு காசு கிடைக்கவில்லை. ஆத்திரம் தலைக்கேற, ஒத்திகைக்கான ஹெட்ஃபோனின் கம்பியை அவர் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

அறை இருண்டுகொண்டே வந்தது. முந்நூற்று ஒன்றாவது சாவு என்று அவருக்குத் தோன்றியது. இதற்கு ஒலிவாங்கிகூட இல்லை.

கதவு பிளந்து விழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் திருகியை வீசினான். ஒருவரின் நெற்றி கிழிந்தது. மற்றவர் அவன் முகத்தைத் தரையோடு சேர்த்து மோதி, கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கு போட்டார். மாடிப்படி முழுக்க அவன் கத்திக்கொண்டே போனான்.

மதாம் தாசே கைத்தடியை ஊன்றியபடி உள்ளே வந்தார். சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அன்செல்மின் தலைமாட்டில் மெல்ல உட்கார்ந்தார். கழுத்தில் கிடந்த கம்பியை அவரே எடுத்துப் போட்டார்.

"உசிரைக் குடுத்துக் கத்தினேனே, மதாம்..." ரத்தம் வழியும் வாயால் அன்செல்ம் முனகினார். "நிஜம்னு சொன்னேன். அதுக்கும் தட்டினீங்க. கடைசியில வெறும் கீச்சு... அதைக் கேட்டுத்தான் போலீஸைக் கூப்பிட்டீங்களா?"

மதாம் கைக்குட்டையால் அவர் வாயைத் துடைத்தார்.

"நாப்பத்திரண்டு வருஷமாக் கேக்கறேன், முசியே. இவ்வளவு கேவலமா நீங்க ஒருநாளும் நடிச்சதில்லை!"