எட்டாவது மனு

ஏழு பதில்களையும் மேஜைமேல் போட்டார் வெல்டர்.

"ஏழு மனுவுக்கும் ஒரே பதில். 'நிதி நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும்.' ஒரு எழுத்துகூட மாறல. படிச்சுப் பாத்துதான் அனுப்புறீங்களா மேடம்?"

கலெக்டர் அலுவலக மனுப் பிரிவில் பத்து நாற்காலி இருந்தது. ஆள் ஒருவர்தான். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. மற்ற ஒன்பது பேரையும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வாசல் காவலாளி சொல்லியிருந்தார்.

வெல்டரின் ஆலை மூடி எட்டு மாதம். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு ஒரு கடையில் வேலை. போன புதிதில் தினமும் போனில் பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை. இப்போது அதுவும் இல்லை. இவராகக் கூப்பிடலாம், ஆனால் சொல்வதற்கு ஒரு நல்ல சேதி வேண்டாமா? அதற்காகத்தான் மாதம் ஒரு மனு. குடிநீர்க் குழாய் வேலையிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

அத்தனையையும் கொட்டித் தீர்த்தார். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"வலது கண் இப்ப எப்படி இருக்கு தம்பி?"

வெல்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணில் தீப்பொறி தெறித்ததைப் பற்றி ஏதோ ஒரு மனுவின் நடுவில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

"அப்ப படிச்சிருக்கீங்க. பின்ன எதுக்கு இந்தக் கண்துடைப்பு? வேலை கிடையாதுன்னா பேசாம இருக்க வேண்டியதுதானே?"

"பேசாம இருக்கச் சொல்லித்தான் உத்தரவு. எந்த மனுவுக்கும் பதில் போட வேண்டாம், கட்டி அலமாரியில வைன்னு சுற்றறிக்கை வந்து அஞ்சு மாசமாச்சு."

"அப்ப இதெல்லாம்?"

"முதல் ரெண்டுதான் சர்க்கார் பதில். மிச்சம் அஞ்சும் நான் போட்டது. இல்லாத வேலையை இருக்குன்னு எழுத மனசு வரல. அதான் பழைய வரியையே எழுதினேன்."

"கண்டுபிடிச்சா உங்க வேலையும் போயிடுமே. ஏம்மா?"

அந்த அம்மா சிதறிக் கிடந்த பதில்களைத் தேதிவாரியாக அடுக்கினார்.

"என் மக போனை எடுக்கிறதில்ல. நாலு வருஷமா கடுதாசி எழுதறேன். ஒரு பதில் வரல. தபால்காரர் நம்ம வீட்டைத் தாண்டிப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி."

வெல்டர் கை நீட்டினார். காகிதங்களை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை எட்டாவது மனுவை எழுத உட்கார்ந்தார். பெறுநர் என்ற இடத்தில் 'மனுப் பிரிவு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'அக்கா' என்று போட்டார். பொருள் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது.

பிறகு எழுதினார்: 'கோரிக்கை எதுவும் இல்லை. நல்லா இருக்கீங்களா?'