அலகு மூடிய பிறகு

காலை பதினொன்றரை மணிக்கு, மைக்கில் சத்தம் விழுகிறது என்று டப்பிங் அறையின் ஏசியை அணைத்தார்கள். திரையில் கார்ட்டூன் தொடர் ஓடியது. மலைவாசலைக் காக்கும் பறவைப் பெண்கள் இருவரில் இளையவள், மூத்தவளின் சிறகை வெட்டிப் பள்ளத்தில் தள்ளுகிறாள். மூத்தவளுக்குத் தொடக்கத்திலிருந்தே கோமளவல்லியின் குரல். இளையவளுக்கு ஜெசிந்தா, அவளை இந்த வேலைக்கு அழைத்துவந்ததே கோமளவல்லிதான்.

“நீயா என்னைத் தள்ளினாய்?” என்றாள் கோமளவல்லி.

“நீளுதும்மா,” என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயக்குநர். “அலகு ரெண்டு தடவைதான் திறக்குது.”

“நீயா?”

“கோபம் ஜாஸ்தி. குழந்தைங்க பார்க்கிறது.”

“நீயா?”

“இப்ப அழுகை ஜாஸ்தி.”

கோமளவல்லிக்கு வியர்வை ஹெட்ஃபோனுக்குள் இறங்கியது. “இந்தப் பறவைக்கு என்னதான் சார் வேணும்? விழறப்ப சிரிக்கணுமா?”

ஜெசிந்தா வசனத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கடைசியா ஒண்ணு நல்லா குடுத்துடுங்கம்மா,” என்றார் இயக்குநர். “அடுத்த எபிசோட்ல மூத்தவ உயிரோட திரும்பி வர்றப்ப அவளுக்கும் ஜெசிந்தா வாய்ஸ்தானே. அவங்க பேசிக் குடுத்த சாம்பிள் ஓகே ஆயிடுச்சே. அவங்க சொல்லலையா?”

சிவப்பு விளக்கு எரிந்தது. காட்சி மறுபடி ஓடியது. கோமளவல்லி வாய் திறக்கவில்லை.

“அக்கா, ஓடுதுக்கா,” என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள்.

பறவை விழுந்தது. அலகு இரண்டு முறை திறந்து மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் கோமளவல்லி மைக்கை விட்டுத் திரும்பினாள்.

“என்னை மாதிரியே பேசிக் காட்டுன்னு அவங்க கேட்டாங்களா, இல்ல நீயே போய்ப் பேசிக் காட்டினியாடி?”