எட்டுக் கிலோ முயல்

ஓய்வு பெற்ற மறுமாதம் ஞானமுத்து ஒரு ராட்சத முயலை வாங்கி வந்தார். எட்டுக் கிலோ எடை. சோபாவில் அவரை ஒட்டி, அவர் மனைவி எஸ்தர் உட்காரும் இடத்தில் அது நீட்டிப் படுத்தது. அவளிடம் நாளுக்கு நாலு வார்த்தைகூடப் பேசாதவர், அதன் காதை நீவிக்கொண்டே ஓயாமல் பேசினார்.

ஒரு மதியம் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது, எங்காவது விட்டுவிடலாம் என்று எஸ்தர் முயலைத் தூக்கினாள். வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கியதால் படியில் உட்கார்ந்தாள். முயல் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "அப்படி என்னதான் சொல்றார் உங்கிட்ட?" என்று கேட்டாள். அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்த ஞானமுத்து இருவரையும் பார்த்து நின்றார். "கொஞ்சம் நகரு, நானும் உக்கார்றேன்" என்றார்.

எஸ்தர் நகரவில்லை. "யார் பக்கத்துல?" என்று கேட்டாள்.