சமாதானம் வீட்டுப் பூக்குளியல்

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் மாடி வீடொன்றின் குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டது. அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான்.

தாழிடுவதற்கு முன் கதவு ஒரு சாண் திறந்தது. மனைவியின் கை மட்டும் வெளியே வந்து, அவன் கடைக்குப் போய் வாங்கி வந்திருந்த ரோஜா இதழ்ப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனது.

அவனுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் சமாதானம். காப்பீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவு. வாடிக்கையாளரிடம், "கிளையில இருக்கறவங்களுக்கு மனசாட்சியே இல்ல சார்" என்பான். கிளைக்குப் போன் போட்டு, "அந்த ஆளு சரியான வில்லங்கம்" என்பான். இரண்டு தரப்பும் நேரில் பேசிக்கொள்ளாதவரை இரண்டு தரப்புக்கும் அவன்தான் ஆபத்பாந்தவன்.

மனைவி விடிந்ததிலிருந்தே குளியல் ஏற்பாட்டில் இறங்கியிருந்தாள். ஓட்ஸையும் காய்ந்த லாவண்டரையும் மெல்லிய துணியில் மூட்டை கட்டினாள். ரோஸ்மேரியும் புதினாவும் பெரிய பாத்திரத்தில் கொதித்தன. வடிகட்டிக் குளியல் தொட்டியில் ஊற்றி, கல்லுப்பை அள்ளிப் போட்டாள். வாரம் முழுக்கக் கெட்ட மனசு ஒரு மணி நேரத்தில் சீராகிவிடும் என்று அவள் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்களாம்.

மாமியார் சோபாவில் இருந்தபடி எட்டிப் பார்த்தாள். மூட்டுவலிக்காரி. முழங்கால் பட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாள்.

"தழை போட்டாச்சு, உப்பு போட்டாச்சு. மிளகு ஒண்ணுதான் பாக்கி. ஆள் இறங்கினா சூப்பு ரெடி."

மனைவி நேராகச் சமாதானத்திடம் வந்தாள்.

"ரோஜா இதழ் வாங்கிட்டு வாங்க. நான் குளிச்சிட்டு வர்றப்ப ஒரு முடிவு சொல்லணும். உங்கம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகலைன்னா எனக்கு வேற ஊருக்கு மாற்றல் தயாரா இருக்கு. நாளைக்கே சரின்னு சொல்லிடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். ரோஜா இதழுக்கு மூன்று கடை ஏறி இறங்கவேண்டியதாயிற்று.

இப்போது இதழும் உள்ளே போயிற்று, கதவும் சாத்தியாயிற்று. கூடத்து டிவியில் தொடர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. சோபாவில் முழங்கால் பட்டை மட்டும் கிடந்தது. சூப் கதையை ஒலிபரப்ப அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு டிவியை அணைத்தான். நல்லதாய்ப் போயிற்று, மனம்விட்டுப் பேசலாம்.

கதவருகே போய்த் தொண்டையைச் செருமினான்.

"இந்தா பாரும்மா. அம்மா பழைய காலத்து ஆளு. நீதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம்தான்.

"சரி, விட்டுக்கொடுக்க வேண்டாம். அடுத்த வாரமே அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடறேன். போதுமா?"

லாவண்டர் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. பதில் வரவில்லை.

திட்டுகிறவனைச் சமாளிப்பான். அழுகிறவனைச் சமாளிப்பான். ஒன்றுமே பேசாத ஆளைச் சமாளிக்க அவனுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. மாற்றல், காலி அலமாரி, தானே பொங்கித் தின்னும் சோறு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

"இப்படி ஊமையா இருந்தா எப்படி? ஏதாவது சொல்லேன்!"

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான்.

"சரி, உண்மையைச் சொல்லிடறேன். நீ வைக்கற குழம்பை வாயில வைக்க முடியலைன்னு அம்மா சொன்னதே இல்ல. நானா சொன்னது. அம்மா இருமறது உனக்கு அருவருப்பா இருக்குன்னு அம்மாகிட்டச் சொன்னதும் நான்தான். நீ ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்ல."

உள்ளே ஏதோ டப்பென்று விழுந்தது. சோப்பாக இருக்கும். கேட்கிறாள் என்று தெரிந்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு மிச்சத்தையும் கொட்டினான்.

"ஏன்னு கேட்டா சிரிப்பே. நீங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச ஆரம்பிச்சா, இந்த வீட்ல ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன் யாருன்னு பேச்சு வரும். தனித்தனியா இருந்தா ரெண்டு பேருக்கும் நான் நல்லவன். ஒண்ணு சேர்ந்தா பாத்திரம் தேய்க்கறவன். அதான்மா. வேற ஒண்ணுமில்ல. மாற்றல் மட்டும் வேண்டாம், உனக்குப் புண்ணியமாப் போகும்."

தொட்டித் தண்ணீர் சலசலத்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. பேசியது அவனிடம் அல்ல.

"கேட்டியாம்மா? பேசாம இருந்தா அவனே கக்கிருவான்னு சொன்னேன்ல, இன்னொரு சொம்பு ஊத்து."